புள்ளி வைத்த கோப்புகள்

வீட்டில் நெட்வொர்க் டிரைவ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்தக் கேள்விக்கு வந்து சேருவார்கள்: நான் போடாத கோப்புகள் இதற்குள் எப்படி வந்தன? இணையத்தில் கேட்டால் பதில் உடனே கிடைக்கும். "அதெல்லாம் குப்பை, இந்த ஒரு வரி கமாண்டை ஓட்டுங்க, எல்லாம் போயிடும்." போகும்தான். அந்தப் பதிலில் பாதி சரி, பாதி ஆபத்து என்பது என் எண்ணம். இந்தக் கோப்புகளை உருவாக்கிய நிறுவனங்கள் மீதும், அவற்றை அழிக்கச் சொல்லும் ஆலோசகர்கள் மீதும் எனக்கு ஒரே அளவு வருத்தம் உண்டு. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் என்னென்ன என்று பார்த்துவிடலாம். எங்கள் ஊர் அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயில் மண்டபத் தூண்களைப் பல வருடங்களாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு ஃபோல்டரில் 212 படங்கள். சர்வருக்குள் நுழைந்து எண்ணிப் பார்த்தால் 426 கோப்புகள். ஒவ்வொரு படத்துக்கும் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் ஒட்டிய ஒரு இரட்டைப் பிள்ளை, அது 212. மேக் போட்டது ஒரு ".டிஎஸ்_ஸ்டோர்". விண்டோஸ் போட்டது ஒரு "தம்ப்ஸ்.டிபி". இன்னும் சில ஃபோல்டர்களில் "டெஸ்க்டாப்.இனி" என்று ஒன்று இருக்கும். (பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தால் ஏதோ சபதத்தைப் பாதியில் நிறுத்திய மாதிரி இருக்கிறது.) சைனாலஜி பெட்டி வைத்திருப்பவர்களுக்கு "@இஏடிர்" என்ற ஃபோல்டர், படம் இருக்கும் இடமெல்லாம் முளைக்கும். லினக்ஸில் இருந்து எதையாவது அழித்தால் ".ட்ராஷ்-1000". எல்லாம் பார்வைக்குத் தெரியாது.

பார்வைக்குத் தெரியாமல் இருப்பது என்ற இந்த ஏற்பாடே யோசித்துச் செய்தது அல்ல. யூனிக்ஸின் ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் "." என்றும் ".." என்றும் இரண்டு பதிவுகள் வந்தன: இந்த இடம், இதற்கு மேல் இடம். பட்டியல் கேட்டால் அவையும் சேர்ந்து வந்து தொல்லை கொடுத்தன. அவற்றைத் தவிர்க்க யாரோ, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கிற ஒரு குறுக்கு வழி எழுதினார்கள். அந்த இரண்டு பெயர்களை முழுசாக ஒப்பிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முதல் எழுத்தை மட்டும் பார்த்ததால், புள்ளியில் தொடங்கும் எதுவும் மறைந்தது. இது தெரிந்த நிரலாளர்கள் தங்கள் சாமான்களைப் புள்ளி வைத்துப் பயனரின் வீட்டில் ஒளித்துவைக்கத் தொடங்கினார்கள். இதை 2012-இல் எழுதியவர் பெல் லேப்ஸில் யூனிக்ஸோடு வளர்ந்த ராப் பைக். மறைக்கப்பட்ட கோப்பு என்ற கருத்தே ஒரு பிழையின் விளைவு என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான்.

தமிழில் புள்ளி வைத்தால் மெய்யின் மேல் ஏறியிருக்கும் அகரம் மட்டும்தான் அடங்கும், எழுத்து கண்ணுக்குத் தெரியும். யூனிக்ஸ் புள்ளி எழுத்தையே விழுங்கிவிடுகிறது.

டாஸ் வழி வந்த விண்டோஸ் வேறு மாதிரி. பெயரில் எதுவும் ஒட்டாமல் "ஹிட்டன்", "சிஸ்டம்" என்று கோப்பின் மேல் தனிக் கொடி ஏற்றும். இரண்டு மரபும் ஒரே பெட்டியில் சந்திக்கும்போதுதான் வேடிக்கை. பெரும்பாலான வீட்டு டிரைவ்களில் விண்டோஸுக்கும் மேக்குக்கும் கோப்பு பரிமாறுவது சாம்பா என்ற மென்பொருள். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. புள்ளிக் கோப்புகளை விண்டோஸுக்குக் காட்டும்போது அது ஒரு ஹிட்டன் கொடியை மரியாதைக்கு ஏற்றி அனுப்பும். ஆனால் விண்டோஸின் ஹிட்டன் கொடியை மேக் எப்போதும் மதிப்பதில்லை. அதனால் உங்கள் மகள் மேக்கில் தம்ப்ஸ்.டிபி-யைப் பார்த்து "அப்பா, வைரஸா?" என்று கேட்பாள். மறைக்கப்பட்டவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் நன்றாகத் தெரிகிறார்கள்.

இப்போது .டிஎஸ்_ஸ்டோர். விரிவு "டெஸ்க்டாப் சர்வீசஸ் ஸ்டோர்". மேக்கின் ஃபைண்டரை ஓஎஸ் டென்னுக்காக 1999 வாக்கில் புதிதாக எழுதியபோது, அதன் பின்புல வேலைகளைத் தனியே பிரித்து அந்தப் பெயரை வைத்தார்கள். ஜன்னல் எவ்வளவு பெரியது, ஐகான் எங்கே, எந்த வரிசையில் அடுக்க வேண்டும், இதெல்லாம் இதில் இருக்கும். அந்தக் குழுவில் இருந்த ஆர்னோ கூர்டோல் 2006-இல் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. பயனர் அமைப்பை மாற்றினால் மட்டுமே இந்தக் கோப்பு உருவாக வேண்டும் என்பதுதான் திட்டமாம். ஒரு பிழையால், ஃபோல்டரை எட்டிப் பார்த்தாலே உருவாகத் தொடங்கிவிட்டதாம். செய்தவரே சொன்னது இது.

பிழை என்பதை நான் மன்னிப்பேன், தினமும் எழுதுகிறவன்தானே. மன்னிக்க முடியாதது அதன் பின்னால் இருக்கும் நியாயம். அமைப்பை ஃபோல்டருக்குள்ளேயே வைத்தால் அது ஃபோல்டரோடு பயணிக்கும், இன்னொரு கணினியில் திறந்தாலும் அதே அழகோடு திறக்கும். பென் டிரைவுக்கு, சிடிக்கு இது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு பேர் திறக்கும் பொது டிரைவில் யாருடைய அழகு? கடைசியாகத் திறந்தவருடையது. என் மனைவி பட்டியலாக அடுக்கி வைத்ததை என் மகள் ஐகானாக்கிவிட்டுப் போகிறாள், இருவரும் கேட்காமலேயே. ஜன்னலை எந்த அளவில் திறந்தேன் என்பது என் கணினியின் ஞாபகம். அதைப் பொது அலமாரியில் எழுதிவைப்பது, சத்திரத்தில் ஒரு ராத்திரி தங்கியவர் சுவரில் கரித்துண்டால் பேர் எழுதிவிட்டுப் போவது மாதிரி.

ஆப்பிளுக்கே இது தெரியும். நெட்வொர்க் டிரைவில் எழுதாதே என்று சொல்ல ஒரு அமைப்பு பல ஆண்டுகளாக இருக்கிறது: டெர்மினலில் "டெஸ்க்டாப்சர்வீசஸ்" பிரிவில் "டிஎஸ்டோன்ட்ரைட்நெட்வொர்க்ஸ்டோர்ஸ்" என்ற மதிப்பை உண்மை என்று வைக்க வேண்டும். நெட்வொர்க் ஃபோல்டர்கள் வேகமாகத் திறக்க இதைச் செய்யலாம் என்று அவர்கள் உதவிப் பக்கமே சொல்கிறது. அப்படியென்றால் அதை ஒரு டிக் பெட்டியாக ஏன் வைக்கவில்லை? டெர்மினல் திறக்கத் தெரியாதவர் வீட்டில் டிரைவ் இருக்காது என்று நினைத்துவிட்டார்கள் போல.

மைக்ரோசாஃப்ட் இந்த விஷயத்தில் பாதி வழி வந்தது. விஸ்டாவில் இருந்து குட்டிப் படங்களைப் பயனரின் சொந்தக் கணக்குக்குள் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். சரியான தீர்வு. ஆனால் நெட்வொர்க் ஃபோல்டர்களுக்கு மட்டும் பழைய தம்ப்ஸ்.டிபி-யை விட்டுவைத்தார்கள். அதாவது எங்கே இது அதிகம் இடிக்குமோ அங்கே மட்டும். ஃபோல்டரை அழிக்கப் போனால் "வேறொரு நிரலில் திறந்திருக்கிறது" என்று வரும். திறந்து வைத்திருப்பது எக்ஸ்ப்ளோரரேதான். இதை நிறுத்தும் குரூப் பாலிசி இருக்கிறது. ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் கிடையாது. ரெஜிஸ்ட்ரியில் "டிஸேபிள்தம்ப்ஸ்டிபிஆன்நெட்வொர்க்ஃபோல்டர்ஸ்" என்று 1 போட வேண்டும். வீட்டுக்காரனுக்குத்தான் தொல்லை, வீட்டுப் பதிப்பில்தான் சுவிட்ச் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தம்ப்ஸ்.டிபி-யில் நீங்கள் அழித்துவிட்ட படத்தின் குட்டி நகல் தங்கியிருக்கக்கூடும். தடயவியல் ஆட்களுக்கு இது பழைய நண்பன். .டிஎஸ்_ஸ்டோருக்குள் கோப்புப் பெயர்கள் இருப்பதால், ஃபோல்டரை அப்படியே வலைத்தளத்தில் ஏற்றினால் வெளியார் அதைப் படித்து உள்ளே என்ன பெயர்களெல்லாம் இருக்கின்றன என்று ஊகிக்கலாம். ஆக "ஒன்னும் செய்யாது, விட்டுடுங்க" என்பதும் முழுச் சரி இல்லை.

ஆவணச் சேகரிப்பில் ஈடுபடுகிறவர்களுக்குத் தொல்லை வேறு வகை. டிஜிட்டல் தொகுப்புகளைப் பத்திரமாகக் கைமாற்ற "பேக்-இட்" என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்க காங்கிரஸ் நூலகமும் கலிஃபோர்னியா டிஜிட்டல் நூலகமும் சேர்ந்து வளர்த்தது. 2018-இல் ஆர்எஃப்சி 8493 என்று எண் பெற்றது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எழுதிய பட்டியல் ஒன்று கூடவே போகும். பட்டியலில் இல்லாத ஒரு கோப்பு உள்ளே இருந்தால் தொகுப்பு செல்லாது. இப்போது யோசியுங்கள்: ஓலைச்சுவடிப் படங்கள் ஆயிரத்தை அப்படிக் கட்டி வைக்கிறீர்கள், ஒருவர் மேக்கில் "சும்மா பார்க்கலாம்" என்று திறக்கிறார், ஒரு.டிஎஸ்_ஸ்டோர் உள்ளே விழுகிறது. சுவடிகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் சரிபார்ப்பு தோல்வி. பார்ப்பதே மாற்றுவதாகும் என்பது குவாண்டம் வகுப்பில் கேட்டது, பழைய நோட்டீஸ்களின் ஸ்கேனுக்கும் பொருந்தும் என்று பிஇ படிக்கும்போது யாரும் சொல்லவில்லை.

இதுவரை எழுதியது எல்லாம் அழிக்கச் சொல்பவர்களுக்குச் சாதகம். இனி மறுபக்கம்.

அந்த இரட்டைப் பிள்ளைகள், புள்ளி-அடிக்கோடு கோப்புகள். இவற்றையும் .டிஎஸ்_ஸ்டோரையும் ஒரே கமாண்டில் கட்டி அழிக்கச் சொல்வதுதான் வழக்கம். இரண்டும் ஒரே ஜாதி இல்லை. 1984-இல் வந்த முதல் மேக்கிண்டாஷில் இருந்தே ஒரு கோப்புக்கு இரண்டு பாதிகள்: தரவுப் பாதி ஒன்று, "ரிசோர்ஸ் ஃபோர்க்" என்ற பாதி ஒன்று. மற்ற கணினிகளுக்கு அந்த இரண்டாவது பாதியை வைக்க இடம் இல்லை. அதனால் அதைத் தனிக் கோப்பாகப் பிரித்து அசலின் பெயரோடு பக்கத்தில் வைக்கிற "ஆப்பிள்டபுள்" வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். இன்றைய மேக்கில் பெரும்பாலும் அதற்குள் முக்கியமானது எதுவும் இருக்காது. "இது இணையத்தில் இருந்து இறங்கியது" என்ற முத்திரை மாதிரி ஏதாவது. அப்படிப்பட்டது பொதுவாக 4096 பைட், அதாவது 4 கேபி. என் 212 தூண் படங்களின் பிள்ளைகளும் அந்த ரகம்தான்.

ஆனால் பழைய மேக் எழுத்துரு அப்படி இல்லை. அதில் எல்லாமே ரிசோர்ஸ் ஃபோர்க்கில்தான் இருக்கும். தரவுப் பாதி காலி.

என் சித்தப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 90-களில் டிடிபியோடு சேர்த்துச் சின்னதாக அச்சகம் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், ஜவ்வரிசி மூட்டை லேபிள். வேலை ஒரு மேக்கில், பேஜ்மேக்கரில். அந்தக் காலத்தில் யூனிகோடில் தமிழ் இருந்தது, ஆனால் அச்சகத்தில் இல்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு இருக்கை வரிசை வைத்திருந்தது. இங்கே "அ" இருக்கும் இடத்தில் இன்னொன்றில் "ழு" இருக்கும். 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று தரம் வந்ததே இந்தக் குழப்பத்தால்தான். எழுத்துரு இல்லாமல் அந்தக் கோப்புகளைத் திறந்தால் ரோமன் எழுத்துக் கூளம்தான் வரும். எழுத்துருதான் சாவி.

கடையை மூடியபோது எல்லாவற்றையும் சிடியில் எழுதி வைத்தார். பல வருடம் கழித்து அந்த சிடிகளை ஒரு பழைய மேக் வழியாக என் டிரைவுக்கு நகலெடுத்தோம். சித்தப்பா மகனும் தனக்கு ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்துக்கொண்டான். அவன் ஒரு கட்டத்தில் இணையத்தில் பார்த்த அந்த ஒற்றை வரியை ஓட்டிச் சுத்தம் செய்திருக்கிறான். போன வருடம் அந்த லேபிள்களைத் தொகுக்கலாம் என்று உட்கார்ந்தபோது போன் செய்தான். "அண்ணா, ஃபான்ட் பேரெல்லாம் இருக்குது, சைஸ் எல்லாம் சைபர்ங்குது." என் நகலில் போய்ப் பார்த்தேன். அங்கேயும் சைபர்தான். ஆனால் பக்கத்தில் புள்ளி-அடிக்கோடு போட்ட பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றும் 40, 60 கேபி. எழுத்து முழுக்க அதற்குள்தான்.

மீட்பது கஷ்டமில்லை. அந்த ஃபோல்டரை மேக்கின் உள் டிஸ்குக்குக் கொண்டுவந்து, மேக்கோடு வரும் "டாட் கிளீன்" என்ற கட்டளையை ஓட்டினால் பிள்ளையை அசலோடு சேர்த்துவிடும். பெயரைப் பார்த்தால் கூட்டுகிற துடைப்பம் மாதிரி இருக்கிறது, உண்மையில் ஒட்டுகிற பசை. சேர்ந்த பிறகு எழுத்துருக்கள் உயிர் பெற்றன. சித்தப்பா திரையைப் பார்த்துவிட்டு, "இந்த 'ணை' பழைய யானைக் கொம்பு 'ணை'டா தம்பி, எட்டாம் நம்பர் பாயின்ட்ல உடையும், பாத்துக்க" என்றார். இருபது வருடம் கழித்தும் அவருக்கு அது ஞாபகம்.

.டிஎஸ்_ஸ்டோரும் முழுக்கக் குப்பை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபைண்டரில் "கெட் இன்ஃபோ" ஜன்னலில் கமெண்ட் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் எழுதுவதை ஃபைண்டர் இதற்குள்தான் பதிவு செய்துகொள்கிறது. கல்வெட்டுப் படம் ஒவ்வொன்றுக்கும் அங்கே வரி எண் எழுதி வைக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் துடைப்பத்தை எடுக்கும் முன் அந்தக் குறிப்புகளை வேறு இடத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

ஆகவே நான் செய்வது இந்த வரிசையில். முதலில் குழாயை அடைப்பது: மேலே சொன்ன மேக், விண்டோஸ் அமைப்புகள். அடுத்து சர்வரில், சாம்பாவின் "ஃப்ரூட்" தொகுதியை "ஸ்ட்ரீம்ஸ்-எக்ஸ்ஆட்டர்" தொகுதியோடு சேர்த்து இயக்குவது. 2015-இல் வந்த 4.2 பதிப்பில் இருந்து இது இருக்கிறது, ரால்ஃப் போமே எழுதியது. இதை இயக்கினால் மேக் தன் சில்லறை முத்திரைகளைக் கோப்பு முறைமையின் கூடுதல் பண்புகளில் வைத்துக்கொள்ளும், தனிக் கோப்பு முளைக்காது. இதில் ஒரு நுணுக்கம். இயல்பு நிலையில் ரிசோர்ஸ் ஃபோர்க் மட்டும் இன்னமும் புள்ளி-அடிக்கோடு கோப்பாகவே டிஸ்கில் எழுதப்படும். மேக்குக்கும் விண்டோஸுக்கும் அது காட்டப்படாது, அவ்வளவுதான். பிற்பாடு எஸ்எஸ்ஹெச்-சில் நுழைந்து "அட, இது இன்னும் இருக்கே" என்று அழிக்கிறவர், சித்தப்பா மகன் செய்ததையே திரும்பச் செய்கிறார்.

"வீட்டோ ஃபைல்ஸ்" என்று ஒரு அமைப்பைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். குறிப்பிட்ட பெயர்களை சர்வர் ஏற்கவே மாட்டேன் என்று மறுப்பது. .டிஎஸ்_ஸ்டோருக்கு சரி. புள்ளி-அடிக்கோட்டுக்கு வேண்டாம், மேக் இரண்டாவது பாதியை எழுத முடியாமல் நகலெடுப்பதையே பாதியில் நிறுத்திவிடும் சமயங்கள் உண்டு. அதோடு, வீட்டோ செய்த கோப்பு ஏற்கெனவே உள்ளே கிடந்தால், காலியாகத் தெரியும் ஃபோல்டரை அழிக்க முடியாது. "டெலிட் வீட்டோ ஃபைல்ஸ்" என்பதையும் ஆம் என்று வைத்தால்தான் முடியும்.

கடைசியில்தான் அழிப்பது. "ஃபைண்ட்" கட்டளையை முதலில் பட்டியல் போட மட்டும் சொல்லுங்கள், அளவோடு. புள்ளி-அடிக்கோட்டில் 4096 பைட்டுக்கு மேல் இருப்பதைத் தனியே எடுத்து வையுங்கள். உண்மையில் ஆப்பிள்டபுள்தானா என்று பார்க்க, முதல் நான்கு பைட்டுகள் 00 05 16 07 என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு யாரோ அந்தப் பெயரில் வைத்தது. பட்டியல் திருப்தியானால் அதே கட்டளையின் கடைசியில் "டெலிட்" சேர்க்கலாம். கடைசியில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெயர் நிபந்தனைக்கு முன்னால் அதைப் போட்டால் நிபந்தனை பார்க்காமலே அத்தனையும் போகும். அதன் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

@இஏடிர்-ஐ அழித்தால் சைனாலஜி மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். அதனால் அழிப்பதில் பயன் இல்லை. வேறு டிஸ்குக்கு ஆர்சிங்க் செய்யும்போது மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் போதும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு மறைவு விஷயம் உண்டு, ஆங்கிலக் கட்டுரைகளில் வராது. என் டிரைவில் ஒரு காலத்தில் "கோதண்டராமர்" என்று இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், ஆனாலும் இரண்டு. "கோ" என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் எப்போதும் உடைத்தே வைக்கும். லினக்ஸ் எது வந்ததோ அதை அப்படியே வைக்கும், இரண்டையும் வேறு பெயராகக் கருதும். பழைய மேக்கில் இருந்து ஆர்சிங்க் செய்ததும் "கோ" இரட்டையானது. கொ, கோ, கௌ வரிசைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். "ராமர்" என்று மட்டும் வைத்திருந்தால் வந்திருக்காது. ஆர்சிங்க்கில் "ஐகான்வ்" என்ற விருப்பத்தில் மேக்கின் யுடிஎஃப்-8 வகையையும் சாதாரண யுடிஎஃப்-8-ஐயும் கொடுத்தால் போகும்போதே சேர்த்துவிடும். ஏற்கெனவே இரண்டாகிவிட்டால், எது புதியது என்று உள்ளே இருக்கும் தேதிகளைப் பார்த்துத்தான் கையால் சேர்க்க வேண்டும். நான் சேர்த்தபோது இரண்டு ஃபோல்டர்களிலும் தனித்தனியே ஒரு .டிஎஸ்_ஸ்டோர் இருந்தது.